வில்லும் விதியும்

சஸ்பென்ஷன் விதியை மாற்றலாமா, கூடாதா என்று ஒரு விவாதம் நடப்பதாகச் சொன்னால், நம் நேயர்களில் பெரும்பாலோர் சர்க்கார் உத்தியோகஸ்தர் எவரையோ வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் போலும் என்றே எண்ணுவார்கள். தமிழ் நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்பட்டிருக்கும் கீர்த்தி அப்படிப்பட்டது. நாம் இந்த வாரம் எழுதப் புகுந்ததோ வேறு சஸ்பென்ஷனைப் பற்றி. மோட்டார் வண்டியின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கி நிற்கும் வில், அந்த வில்லின் ஆட்டத்தை அடக்கும் அதிர்வடக்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து இட்ட பெயர் அது. அதிலும் நாம் பேசப் போவது பந்தய மோட்டாரைப் பற்றி. பந்தயத்திலும், பெரிய கம்பெனிகள் கோடிகளைக் கொட்டி நடத்துகிற பந்தயமன்று. சொந்தக் கைப் பணத்தைச் செலவிட்டு, ஆசைக்காக ஓட்டுகிறவர்களின் ஃபார்முலாப் பந்தயம்.

அண்ணாமலையார் சந்நிதியில் குடியிருப்பவர்களுக்குப் பந்தய மோட்டாரின் வில்லைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சக்கரம், அச்சு, வடம், கனம், திருப்பம் இவற்றைப் பற்றி ஆண்டுதோறும் நான்கு மாட வீதிகளிலும் பரீட்சை கொடுக்கிற ஊர் இது. ஒரு வண்டியை எப்படி அமைக்க வேண்டும், அந்த அமைப்பில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற விசாரம் திருவண்ணாமலைக்கு அந்நியமானதன்று.

முதலில் வில் எதற்கு என்று பார்ப்போம். நம் தாத்தாமார் காலத்தில் கட்டை வண்டி என்றும் வில்வண்டி என்றும் இருவகை மாட்டு வண்டிகள் இருந்தன. கட்டை வண்டியில் நெல் மூட்டை போகும். வில்வண்டியில் மாப்பிள்ளை போவார். ஆகையால் வில் என்பது சுகத்துக்காக ஏற்பட்டது என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் ஊறிப்போய்விட்டது. இன்றைக்கும் லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை மாற்றுகிறவர்களைக் கேட்டால், பாரம் தாங்குவதற்கு என்று ஒரு காரணமும், உள்ளே இருப்பவர் இடுப்பு ஒடியாமல் இருப்பதற்கு என்று மற்றொரு காரணமும் சொல்வார்கள். இரண்டும் வாஸ்தவமே. ஆனால் பந்தய வண்டிக்கு வில் வைப்பது இந்த இரண்டு காரணத்துக்காகவும் அன்று.

கார்த்திகைத் தீப உத்ஸவத்தின் ஏழாம் நாள் திருவண்ணாமலையில் பஞ்ச மூர்த்திகளின் தேரோட்டம் நடைபெறுகிறது. அண்ணாமலையார் எழுந்தருளும் பெரிய தேருக்கு வில் கிடையாது. சக்கரமும் அச்சும் மேற்கட்டும் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்தவை. வீதியில் ஒரு மேடு வந்தால் தேர் முழுவதுமே அந்த மேட்டில் ஏறி, முழுவதுமே இறங்க வேண்டியதுதான். சிகரத்திலே கலசம் ஆடும். ஜனங்கள் 'அரோகரா' என்பார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தடியில் கட்டையைச் செருகி ஓட்டத்தை நிதானப்படுத்துவார். இத்தனைக்கும் குறை ஒன்றுமில்லை. ஏனெனில் தேர் போகிற வேகம் மனிதன் நடக்கிற வேகந்தான். மேட்டில் ஏறி இறங்குவதற்கு அதற்கு அவகாசம் இருக்கிறது.

அதே மேட்டை ஒரு பந்தய வண்டி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வில் இல்லாவிட்டால் சக்கரம் மேட்டில் மோதி எழும்பி, அப்பால் தரையைத் தொடாமலே சில அடி தூரம் பறந்து போகும். பறக்கிற சக்கரம் திரும்பாது. தடை போட்டாலும் நிற்காது. மோட்டாரின் உயிர் முழுவதும் ரப்பர் டயர் தரையைத் தொடுகிற உள்ளங்கையளவு இடத்திலே இருக்கிறது. அந்த நான்கு உள்ளங்கைகளும் எக்காரணத்தாலும் தரையை விடாமல் பார்த்துக்கொள்வதே வில்லின் முதல் வேலை. வில் மாத்திரம் இருந்தால் வண்டி ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆட்டத்தை அடக்க எண்ணெய் நிரப்பிய அதிர்வடக்கி வேண்டும். திருப்பத்தில் வண்டி சாயும்போது டயரும் சேர்ந்து சாய்ந்துவிட்டால் உள்ளங்கை விளிம்பாகிவிடும். ஆகவே டயரை நிமிர்த்திப் பிடிக்கும்படி கைகளின் நீளத்தையும் கோணத்தையும் கணக்கிட்டு வைக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன்.

இங்கேதான் வம்பு பிறக்கிறது. இந்தக் கணக்கை நன்றாகப் போட்டவன் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடியில் சிறு பங்கை மிச்சம் பிடிக்கிறான். நன்றாகக் கணக்குப் போடுவதற்கு அறிவு வேண்டும். அதைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பணம் வேண்டும். யந்திரத்தை எல்லோருக்கும் ஒன்றாக வைத்துவிட்டாலும், பணம் வில்லின் வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது. ஆகையால்தான் பந்தயத்துக்கு விதி வகுப்பவர்கள் யந்திரத்தை அளந்த பிறகு வில்லையும் அளக்கத் தொடங்குகிறார்கள்.

* * *

'ஃபார்முலா' என்ற சொல்லுக்குச் சூத்திரம் என்று பொருள். இன்ன அளவு யந்திரம், இன்ன கனம், இன்ன சக்கரம் என்று சூத்திரம் வகுத்து, அதற்குள் அடங்கிய வண்டிகளை மட்டும் ஒன்றாக ஓட விடுவது ஃபார்முலாப் பந்தயம். ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்காக உலகத்தில் ஏற்பட்ட சூத்திரங்களில் இரண்டு மிகப் பிரசித்தமானவை. வில்லைப் பற்றி அவ்விரண்டும் செய்த தீர்ப்பு நேர் எதிரானது.

முதலாவது ஃபார்முலா வீ. அமெரிக்காவில் பிறந்த இந்தச் சூத்திரத்தை அந்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1963-இல் அங்கீகரித்தது. ஜெர்மானியரின் வோக்ஸ்வாகன் 'வண்டு' காரை எடுத்துக்கொள். அதன் 1200 சி.சி. யந்திரத்தையும் முன் அச்சையும் அப்படியே வை. மேலே ஒருவர் உட்காரும் மெல்லிய கூடு கட்டு. இதுதான் அதன் சாராம்சம். முன் அச்சு என்றால் குறுக்கே கிடக்கும் இரண்டு குழாய்கள். அவற்றுக்குள் எஃகுத் தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சக்கரம் மேலே எழும்பும்போது தகட்டுக் கட்டு முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு விடும்போது சக்கரம் தரைக்குத் திரும்புகிறது. இந்த முறுக்குவில்லை எவரும் மாற்றக் கூடாது என்பது சட்டம். வில்லைப் பூட்டி வைத்துவிட்டால் பணம் எங்கே புகும், பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டாவது, 1967-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு. இவர்கள் யந்திரத்தைப் பூட்டினார்கள். சட்டத்துக்கு எஃகுக் குழாய்தான் என்றார்கள். காற்றை அழுத்தும் இறக்கைகள் ஆகாது என்றார்கள். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கைகளை எப்படி அமைப்பது என்பதை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டார்கள்.

பலன் என்ன? இரண்டு சூத்திரங்களும் பிழைத்தன. இரண்டிலும் பணம் புகுந்தது. ஃபார்முலா வீயில் முன் அச்சைப் பூட்டினார்களே தவிர, பின் சக்கரத்தின் வில்லை அவ்வளவு இறுகப் பூட்டவில்லை. வண்டின் பின் சக்கரங்கள் திருப்பத்தில் உட்புறமாக மடங்கி வண்டியைத் தூக்கிவிடும் சுபாவம் உள்ளவை. கெட்டிக்காரர்கள் சிலர் இரண்டு பின் சக்கரங்களுக்கும் தனித்தனி வில் வைப்பதை விட்டு, இரண்டையும் ஒரே வில்லால் இணைத்தார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து எழும்பினால் வில் எதிர்க்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் எதிர்க்காது. சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. ஆனால் சக்கரம் மடங்குவது அடங்கிவிட்டது. பிறகு என்ன? பழைய முறையில் பின் வில் வைத்திருந்தவர் ஜயிப்பதை மறக்க வேண்டியதாயிற்று. நாளடைவில் எல்லோரும் அதையே வைத்துக்கொண்டார்கள். செலவு அனைவருக்கும் ஏறிற்று. அனுகூலம் ஒருவருக்கும் மிஞ்சவில்லை.

ஃபார்முலா ஃபோர்டிலோ, புதுமை வருஷந்தோறும் வந்தது. 1983-இல் ஸ்விஃப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் டிபி-1 என்ற மெலிந்த வண்டி வந்து, தோன்றிய வருஷமே அந்நாட்டு ஆசைப் பந்தயக்காரர்களின் தேசிய இறுதிப் போட்டியை ஜயித்துவிட்டது. ஸ்விஃப்ட் என்றவுடன் நம் ஊர் மாருதி ஸ்விஃப்டை நேயர்கள் எண்ண வேண்டாம். அது வேறு, இது வேறு. அந்த ஒரு வண்டி வந்ததும், நேற்று வரை முன்வரிசையில் நின்ற வண்டிகள் பல ஒரே பருவத்தில் கிழமாகிவிட்டன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. அவர்கள் செய்த குற்றமெல்லாம் வேறொருவன் யோசிக்கும்போது பேசாமல் இருந்ததுதான்.

* * *

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாவது உலக மகாயுத்த காலத்து விமானத் தளம் ஒன்று கிடந்தது. 1953-இல் ஏற்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தலாயிற்று. வெளிநாட்டிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த பழைய பந்தய வண்டிகளும், வீட்டுக் கொட்டகையில் திருத்தி அமைத்த அம்பாஸடர், ஃபியட் கார்களும் அங்கே ஓடின. அந்நாளில் விதியைவிட வண்டிதான் அரிதாயிருந்தது. இறக்குமதித் தடையும் வரியும் பலமாயிருந்த காலம். ஒரு வில் ஒடிந்தால் மற்றொரு வில்லுக்குச் சீமைக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்லது உள்ளூர்க் கருமானைத் தஞ்சமடைய வேண்டும்.

இந்த நிலைமையை மாற்றியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். பெரிய ஆலை முதலாளிக் குடும்பத்தில் பிறந்த அவர் நினைத்திருந்தால் சீமை வண்டியை வரவழைத்துத் தாம் ஒருவரே ஜயித்துக்கொண்டிருந்திருக்கலாம். அவர் அதைச் செய்யாமல், நம் நாட்டுச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் யந்திரத்தை வைத்து, ஒருவர் உட்காரும் ஃபார்முலா வண்டியைக் கோவையிலேயே கட்டினார். 1988-இல் தொடங்கிய அந்த ஃபார்முலா மாருதி வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. ஒருவர் வில் மற்றொருவர் வில்லைவிட உசத்தி என்ற பேச்சுக்கு இடமில்லை. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான பந்தயப் பாதையும் ஏற்பட்டது. 1995-இல் கரிவரதன் ஒரு சிறு விமான விபத்தில் காலமானார். அவர் பெயரால் கோவை செட்டிபாளையத்தில் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. அவர் வழியைப் பின்பற்றி, சங்கிலி செய்யும் கோவைக் கம்பெனியாகிய எல்.ஜி.பி.யின் பெயரைத் தாங்கிய ஃபார்முலா வண்டிகளும் பிற்காலத்தில் ஓடலாயின. ஃபார்முலா மாருதியிலே ஆரம்பப் பாடம் கற்ற கோவை வாலிபர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். 2010-இல் சென்னை கருண் சந்தோக் அந்தப் பாதையில் இரண்டாமவராக அடியெடுத்து வைத்தார்.

கரிவரதன் செய்த காரியத்தின் மகிமை யந்திரத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. 'ஓட்டத் தெரிந்தவன் ஜயிக்கட்டும். வாங்கத் தெரிந்தவன் ஜயிக்க வேண்டாம்' என்பதே அவர் வகுப்பின் உட்பொருள் என்று நாம் கொள்கிறோம். சுதேசியம் என்றால் உள்ளூரில் செய்தது என்பது மட்டும் பொருளன்று. உள்ளூரில் உள்ளவன் எட்டிப் பிடிக்கக் கூடியது என்பதும் பொருள். கதர் மெல்லியதாயிருந்ததனால் ஜனங்கள் அதை உடுத்தவில்லை. அதை நூற்கும் ராட்டினம் குடிசைக்குள் அடங்கிற்று என்பதனால் அல்லவா உடுத்தினார்கள்?

* * *

இப்போது விவாதத்துக்கு வருவோம். ஃபார்முலா வீக்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. அவர்கள் சட்டம் பழைய வண்டுக் காரின் முன் அச்சையே கேட்கிறது. அந்த மாதிரி அச்சு 1960-களின் நடுவிலேயே மாறிவிட்டது; வண்டுக் கார் செய்வதும் 2003-இல் மெக்ஸிகோ நாட்டில் நின்றுபோய்விட்டது. மலிவாகக் கிடைக்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த பொருள், வருஷம் போகப் போக அரும்பொருளாகிவிட்டது. பழைய கார்க் கிடங்குகளைத் துருவித் துருவி, துருப்பிடிக்காத அச்சு ஒன்று கிடைத்தால் புதையல் கிடைத்தது போல் ஆனந்திக்க வேண்டிய நிலை. 'புதிதாகச் செய்த அச்சை அனுமதிக்கலாமா? அனுமதித்தால் பழைய அச்சைப் போலவே இருக்க வேண்டுமா, அதைவிட நன்றாக இருக்கலாமா?' என்ற கேள்விகள் எழுந்தன.

ஒரு கட்சியார் சொல்வது இது: "சூத்திரத்தின் உயிரே அந்த அச்சில் இருக்கிறது. அதைத் தொட்டால் எல்லாம் போய்விடும். இன்றைக்கு அச்சு என்பார்கள். நாளைக்கு அதிர்வடக்கி என்பார்கள். நாளை மறுநாள் எங்கள் வண்டியைப் பேரீச்சம் பழத்துக்குப் போட வேண்டியதுதான். முப்பது வருஷமாக ஒரே வண்டியை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். இவர்களை விரட்டிவிட்டு யாரை வைத்துப் பந்தயம் நடத்தப் போகிறீர்கள்?"

மறு கட்சியார் பதில் இது: "விதியைப் பாடை மாதிரி கட்டி வைத்தால் அதில் பிணந்தான் கிடக்கும். இன்றைக்கு இருபது வயதுப் பையன் முறுக்குவில்லைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அவன் கற்க விரும்புவது நாளைய வண்டியை. கைகளின் கோணத்தை மாற்றிப் பார்க்கவும், வில்லின் பலத்தைக் கூட்டிக் குறைக்கவும் இடம் கொடாத வகுப்பிலே அவன் என்ன கற்பான்? அவன் வராவிட்டால், பத்து வருஷத்தில் பாதையிலே கிழவர்களும் கிழ வண்டிகளுமே மிஞ்சும். யந்திரக் கலை வளர்ந்ததெல்லாம் சுதந்திரத்தால்தான்."

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது பத்திரிகைக்காரர்களுக்கு எளிது. நாம் அப்படித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

சுதந்திரம் என்ற வார்த்தை நமக்கு இனிமையானதே. ஆனால் வில்லின் சுதந்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபார்முலா ஒன்னின் சரித்திரமே சாட்சி. 1992-இல் வில்லியம்ஸ் கோஷ்டியின் வண்டியில், ஒவ்வொரு சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தையும் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். நைஜல் மான்ஸெல் அந்த வருஷத்து உலகப் பட்டத்தை வெகு எளிதாகத் தட்டிக்கொண்டு போனார். 1994-இல் இருந்து அந்த அமைப்பு தடை செய்யப்பட்டது. அதன் பிறகும் கோஷ்டிகள் சும்மா இருக்கவில்லை. முன் சக்கரத்தின் ஆட்டத்தையும் பின் சக்கரத்தின் ஆட்டத்தையும் எண்ணெய்க் குழாயால் இணைத்தார்கள். 2014-ஆம் வருஷப் பந்தயங்களின் நடுவிலே அதையும் கழற்ற நேர்ந்தது. 2022-இல் வந்த புது விதியில் வில்லமைப்பை மேலும் சுருக்கி எளிமையாக்கினார்கள். குபேரர்களே 'போதும், போதும்' என்று கையெடுத்த விஷயத்தில், மாதச் சம்பளக்காரன் எவ்வளவு தூரம் போவான்?

ஆகவே வில்லுக்குப் பூட்டு வேண்டும் என்ற முதல் கட்சியாரின் பக்கமே நாம் சாய்கிறோம். ஆனால் எதைப் பூட்டுவது என்பதில் அவர்களோடு நாம் மாறுபடுகிறோம். அவர்கள் பொருளைப் பூட்டச் சொல்கிறார்கள். பூட்ட வேண்டியது பொருளையன்று, அளவை.

இதற்கு நம் தேர்களே உதாரணம். தேர் மரத்தால் ஆனது. அதன் சக்கரமும் ஒரு காலத்தில் மரந்தான். பெருங் கனத்தைத் தாங்கும் மரம் கிடைப்பது அரிதாயிற்று; மரச் சக்கரம் பிளந்து உயிர்ச் சேதம் நேரும் என்ற பயமும் இருந்தது. திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் பல கோயில்களின் தேர்களுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்தார்கள். திருவாரூர் ஆழித் தேருக்குத் திரவ அழுத்தத்தால் இயங்கும் தடையும் வைத்தார்கள். சக்கரம் மாறியதால் ஆழித் தேர் ஆழித் தேர் அல்லாமல் போய்விட்டதா? இல்லை. வடம் பிடிக்கிறவர்கள் கை மாறவில்லை, வீதி மாறவில்லை, வேகமும் மாறவில்லை. மாறியது அபாயம் ஒன்றுதான். அதே இரும்புச் சக்கரத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு தேருக்கு ஒரு மோட்டார் யந்திரத்தையும் பூட்டியிருந்தால், அன்றோடு தேர் போய் லாரி வந்திருக்கும்.

வில்லுக்கும் இதுவே நியாயம். பழைய அச்சு கிடைக்கவில்லையா? அதே நீளம், அதே தகட்டு பலம், அதே கனத்தில் புதிதாகச் செய்ததை அனுமதியுங்கள். செய்கிற வரைபடத்தைக் கம்பெனிப் பெட்டிக்குள் பூட்டாமல் பகிரங்கப்படுத்துங்கள். அம்பத்தூரிலோ, கோவையிலோ, ஏன், நம் ஊரிலோ ஒரு கடைசல் பட்டறைக்காரர் அதைப் பார்த்துச் செய்யக் கூடியதாயிருக்கட்டும். ஒரே ஒரு கம்பெனிதான் செய்யலாம் என்று வைத்தால், பணக்காரப் போட்டியாளனிடமிருந்து ஏழையைக் காப்பாற்றி, ஒரே வியாபாரியிடம் ஒப்படைத்தது போல் ஆகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எந்தப் பொருள் என்று சொல்லாமல், அந்தப் பொருள் செய்ய வேண்டிய வேலை எது என்று விதியில் எழுதிவிடுவது. காலேஜ் மாணவர்கள் தாங்களே ஒரு சிறு ஃபார்முலா வண்டியைக் கட்டி ஓட்டிக் காட்டும் போட்டி அமெரிக்காவில் 1981-இல் ஆரம்பமாயிற்று. அதன் வழியில் வந்த ஃபார்முலா பாரத் என்ற போட்டிக்காக, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் தங்கள் வண்டிகளுடன் தை மாதத்தையொட்டிக் கோவை கரிவரதன் பாதைக்கு வருகிறார்கள். அமெரிக்க மாணவர் போட்டியின் விதிநூல் வில்லைப் பற்றிச் சொல்வது மிகவும் சுருக்கம்: முன்னும் பின்னும் அதிர்வடக்கியோடு கூடிய, உண்மையாக வேலை செய்கிற வில்லமைப்பு இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் உட்கார்ந்த நிலையில் சக்கரம் 50 மில்லிமீட்டராவது ஏறி இறங்க வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், பிள்ளைகள் வில்லையே கழற்றி எறிந்துவிட்டு, விளையாட்டுக் கார்ட்டைப் போல விறைத்த வண்டியை ஓட்டிக் கனத்தை மிச்சம் பிடித்திருப்பார்கள். சக்கரம் தரையைத் தொடும் வித்தையைக் கற்றிருக்க மாட்டார்கள். கற்பது நோக்கமாயிருக்கும் இடத்தில் இது நல்ல விதி. ஜயிப்பது நோக்கமாயிருக்கும் இடத்தில் இது போதாது. 50 மில்லிமீட்டருக்குள்ளேயே லட்சக்கணக்கான ரூபாயை ஒளித்து வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

* * *

நம் நாட்டுப் பந்தய உலகத்தில் பணம் இப்போது பெருகி வருகிறது. 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் சென்னைத் தீவுத் திடலைச் சுற்றி, இராக் காலத்தில் விளக்கொளியில், ஃபார்முலா 4 வண்டிகள் நகரத் தெருவிலே ஓடின. அந்த வண்டிகளின் கூடு பிரெஞ்சு தேசத்தில் செய்தது. அவற்றைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களில் நாமும் உண்டு. இங்கேயிருந்து ஒரு பையன் ஐரோப்பாவுக்குப் போய் ஓட்ட வேண்டுமானால், அங்கே உள்ள வண்டியில் பழகியாக வேண்டும் என்பதும் வாஸ்தவம். ஆனால் மாடி மேல் மாடியாகக் கட்டுகிறபோது, கீழே உள்ள படிக்கட்டை இடித்துவிடலாகாது. பிரெஞ்சுக் கூட்டில் உட்காரும் பையன் ஒருவன் என்றால், உட்கார முடியாத பையன்கள் ஆயிரம். அவர்களுக்கு நம் நாட்டுப் பட்டறையில் பிறந்த, எளிய வில் உள்ள, ஒருவருக்கொருவர் சமமான வண்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

ஆகையால் நம் நாட்டு ஆசைப் பந்தய வகுப்புகளில் எதிலேனும் வில்லின் விதியை மாற்றும் யோசனை வந்தால், அதிகாரிகள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

அபாயத்தைத் தடுக்கவா இந்த மாறுதல்? அப்படியானால் இன்றைக்கே செய்யுங்கள், விவாதம் வேண்டாம். ஒடிகிற கையை வைத்துக்கொண்டு சம்பிரதாயம் பேசுவது பாவம்.

கிடைக்காத பொருளுக்குப் பதில் கிடைக்கும் பொருளா? அப்படியானால் அளவு மாறாமல் செய்யுங்கள். வரைபடத்தை எல்லோருக்கும் கொடுங்கள்.

வண்டி வேகமாகப் போவதற்காகவா? அப்படியானால், இன்று கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் எத்தனை நாளைக்கு உதவாமற் போகும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்த பிறகும் செய்யத்தான் வேண்டுமென்று தோன்றினால், இரண்டு மூன்று வருஷம் முன்னதாக அறிவித்துச் செய்யுங்கள். கல்யாணத்துக்கே ஆறு மாதம் முன்னால் சொல்லி அனுப்புகிற தேசம் இது.

நான்காவது கேள்விதான் முக்கியமானது. இந்த மாறுதலைக் கேட்கிறவர் யார்? வண்டி விற்கிறவரா, வண்டி ஓட்டுகிறவரா? விதி சபையில் விற்கிறவர் குரல் எப்போதும் உரக்கக் கேட்கும். ஓட்டுகிறவர் அன்றைக்குப் பட்டறையில் வேலையாயிருப்பார்.

மறு கட்சியாருக்கும் ஒரு வாக்குக் கொடுத்துவிடுவோம். பையன் கற்க வேண்டும் என்கிறார்களே, அது நிஜமான கவலை. அதற்காக வில்லையே அவிழ்த்துவிட வேண்டியதில்லை. அச்சையும் கைகளையும் பூட்டிவிட்டு, சக்கரம் நிற்கும் கோணத்தையும் வண்டியின் உயரத்தையும் அவன் திருத்திக்கொள்ளட்டும். பட்டியலில் உள்ள நாலைந்து வில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். ஒரு ஸ்பானரும் ஒரு அளவுகோலும் இருந்தால் செய்யக் கூடிய காரியங்கள் இவை. வீணையில் வாசிக்கும் தந்தி நாலுதான்; ஆனாலும் அதற்குள்ளே வித்வான் காட்டுகிற வித்தைக்கு முடிவு உண்டா?

கடைசியாக, நம் ஊர் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரும் நடப்பவர்களுக்காக ஏற்பட்டது. அது பந்தயப் பாதை அன்று. மோட்டார் சைக்கிளின் வில்லை அங்கே பரீட்சிக்க வேண்டாம். பரீட்சிக்க ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது; செட்டிபாளையம் இருக்கிறது. அங்கே தலைக்கவசமும் வைத்தியரும் தீயணைப்பவரும் விதியும் இருக்கின்றன.

தேரோட்டத்தன்று அண்ணாமலையாரின் பெரிய தேரை ஊர் முழுவதும் சேர்ந்து இழுக்கிறது. அம்மன் தேரைப் பெண்கள் இழுக்கிறார்கள். அதற்கும் பின்னால் வருகிற சண்டிகேசுவரர் தேரைக் குழந்தைகள் இழுக்கிறார்கள். அந்தத் தேர் சின்னதாயிருப்பது சண்டிகேசுவரருக்குக் குறைவு அன்று. சின்னதாயிருப்பதனாலேதான் வடம் குழந்தைகள் கைக்கு எட்டுகிறது. யாராவது ஒரு மகானுபாவர், அபிவிருத்தி செய்கிறேன் என்று அந்தத் தேரையும் பெரிய தேர் அளவுக்கு உயர்த்திக் கட்டிவிட்டால், தேர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தைகள் வடத்தைக் கீழே போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஆசைப் பந்தயத்துக்கு விதி வகுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுவே: வண்டியை உயர்த்துவதற்கு முன்னால், வடம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.